ஏழாம் நம்பர் சட்டை

இல்ல தம்பி, நான் ஒத்துக்க மாட்டேன். அந்தக் கடைசி பெனால்டி, பெனால்டியே இல்ல. உங்க ஆளு தானா வழுக்கி விழுந்தான், நடுவர் ஊதிட்டாரு. சரி, விடுங்க. ரக்பியில ஊதுனா ஊதுனதுதான். ஜெயிச்சது ஸ்காட்லாந்து. முகத்துல பூசுன நீலமே இன்னும் அழியல, அதுக்குள்ள நான் ஏன் உங்க சந்தோஷத்துல மண்ணள்ளிப் போடணும்.

கை எப்படி இருக்கு? நல்லா வீங்கியிருக்கே. அசைக்காதீங்க, நர்ஸம்மா கூப்பிடுற வரைக்கும் மடியிலயே வச்சுக்கங்க. ஜெயிச்ச குஷியில படிக்கட்டுலருந்து குதிச்சு மணிக்கட்ட ஒடச்சுக்கிட்ட ஆளை இன்னிக்குத்தான் பாக்குறேன். அதுவும் பாவாடையோட. சிரிக்காதீங்க, வலிக்கும். அதுக்குப் பேரு கில்ட்டுன்னு எனக்கும் தெரியும். வேல்ஸ்காரன் பாவாடைன்னுதான் சொல்லுவான், நீங்க எங்கள ஆட்டுக்காரங்கன்னு சொல்றீங்கல்ல, அந்த மாதிரி. எனக்குப் பின்னால உக்காந்திருந்த பெரியவர் ஒருத்தர் ஆட்டம் பூரா என் காதுல மே மேன்னு கத்திக்கிட்டே இருந்தாரு. இடைவேளையில அவரே குப்பியத் தொறந்து ஒரு மடக்கு விஸ்கி ஊத்திக் குடுத்தாரு. நல்ல மனுஷன்.

எனக்கா? எனக்கு ஒண்ணுமில்ல. கூட வந்தவனுக்குத்தான். உள்ள பாத்துக்கிட்டிருக்காங்க.

ஆங், முதல் பாதி. முதல் பாதி எங்களோடதுதான், அத நீங்க ஒத்துக்கணும். தோளோட தோள் கோத்து முட்டுறாங்கல்ல, ஸ்க்ரம், அதுல உங்க ஆளுங்க பின்னாடி பின்னாடியேதான் போனாங்க. அப்புறம் அந்த ட்ரை, அஞ்சு பாயிண்ட்டு. ஆமா, நீங்க சொன்ன ஏழாம் நம்பர்தான். பிராசர். யெஸ்டின் பிராசர். நாட்டுக்காக ஆடுறது இதான் முதல் தடவ. குனிஞ்சு, ரெண்டு பேருக்கு நடுவுல புகுந்து, கோட்டுக்கு அந்தப் பக்கம் பந்தோட நெஞ்சு தேய விழுந்தான் பாருங்க. நான் எழுந்து நின்னேன்னு நினைக்கிறேன். கத்துனேனா, தெரியல. பக்கத்துல யாரோ என்னக் கட்டிப் பிடிச்சாங்க.

ஆமா, ட்ரியோர்கி. எங்க ஊருதான். ஊரு கிளப்புல ஆடும்போது குள்ளமா இருப்பான். நீ ஓரமா ஓடுடா, அடி படாதுன்னு கோச் சொல்லிப் பாத்தாரு. கேக்கல. கூட்டத்துக்குள்ளதான் ஆடுவேன்னான். ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் காது வீங்கிக் கெடக்கும். அவங்கம்மா ஐஸ் கட்டிய வச்சுக்கிட்டே திட்டுவா. எங்க ஊர்ல எல்லாருக்கும் தெரியும் தம்பி, சின்ன ஊரு.

நீங்க சொல்றது சரி. ரெண்டாவது பாதியில அவன் ஓடுன எடத்துல இடது பக்கம் எங்க ஆளு சும்மாதான் நின்னான். பந்தக் குடுத்திருக்கணும். எத்தனையோ தடவ சொல்லியாச்சு அவன்கிட்ட. ஓட ஆரம்பிச்சுட்டா பக்கத்துல யாரு இருக்கான்னே பாக்க மாட்டான்.

அய்யோ, அவனப் பிடிச்ச உங்க கால்பிரெய்த் மேல தப்பே கிடையாது. இடுப்புக்குக் கீழ சுத்தமாப் பிடிச்சான். அப்படித்தான் பிடிக்கணும். மேல வந்து விழுந்தவனும் வேணும்னு விழல. இவன் தல மட்டும் அடியில மாட்டிக்கிச்சு. அவ்வளவுதான். பெரிய திரையில அதத் திருப்பிப் போடவே இல்ல, கவனிச்சீங்களா? எல்லாத்தையும் போடுவாங்க. அதப் போடாம விட்டப்பவே எனக்குக் கொஞ்சம் தெரிஞ்சுபோச்சு.

ஆமா, கை தட்டுனீங்க. மைதானமே எழுந்து நின்னு தட்டுச்சு. மே மேன்னு கத்துன பெரியவர் தொப்பியக் கழட்டிட்டாரு. ஸ்ட்ரெச்சர்ல தூக்கிட்டுப் போறப்ப, ஜனங்க தட்டுனா கட்டவிரலத் தூக்கிக் காட்டுவாங்கல்ல? அவன் காட்டல.

அதுக்கப்புறம் நான் மைதானத்துல இல்ல. கடைசிய இந்த டிவியிலதான் பாத்தேன். உங்க ஆளு பெனால்டிய உதைச்சு, பந்து கம்பத்துக்கு நடுவுல போனதும் இந்த ஹாலே எந்திரிச்சிருச்சு. கால்ல கட்டுப் போட்ட ஒருத்தன் ஒத்தக் கால்லயே குதிச்சான். நர்ஸம்மா அதட்டுனாங்க, அவங்களுக்கும் சிரிப்புதான். நான் மிஷின்ல டீ பிடிச்சுக்கிட்டு நின்னேன். தோத்துட்டோம்னு புரிஞ்சுது. ஒண்ணும் தோணல. டீயில சர்க்கரை போட்டேனா இல்லையான்னு யோசிச்சுக்கிட்டிருந்தேன்.

வேணாம் தம்பி, குப்பிய உள்ள வைங்க. வாசனையோட உள்ள போக முடியாது.

எங்களுக்குன்னு ஒரு தனி ரூம் குடுத்திருக்காங்க, அந்தக் கதவுக்குப் பின்னால. மெத்துமெத்துன்னு சோபா. மேசை மேல டிஷ்யூ பெட்டி ஒண்ணு. வேற எதுவும் இல்ல. அங்க உக்கார முடியல. இங்கன்னா ஆட்டத்தப் பத்திப் பேச ஆள் இருக்கு.

ஆமா தம்பி. என் மகன்தான்.

உக்காருங்க. எதுக்கு எந்திரிக்கிறீங்க, கை ஆடுது பாருங்க. கால்பிரெய்த் மேலயே தப்பில்லங்கிறேன், நீங்க எதுக்கு மன்னிப்புக் கேக்குறீங்க. கழுத்தெலும்புன்னு சொல்றாங்க. கை இருக்கறதும் தெரியல, கால் இருக்கறதும் தெரியலங்கறான். இப்ப ஸ்கேன் எடுக்குறாங்க, முடிஞ்சதும் ஆபரேஷன். அதுக்கப்புறம்தான் எதையும் சொல்ல முடியும்னாங்க டாக்டரம்மா. மைனிர் ரயில்ல வந்துக்கிட்டிருக்கா, அவங்கம்மா. அவ ஆட்டம் பாக்க வரமாட்டா, பயம். ஃபோன்ல அழல. அவன் ஏதாவது சாப்பிட்டானான்னு கேட்டா.

டீயோட நின்னப்பதான் என்னைக் கொஞ்ச நேரம் உள்ள விட்டாங்க. வலிக்குதாடான்னு கேட்டேன். இல்லப்பான்னான். அது நல்லதா கெட்டதான்னு எனக்குத் தெரியல. அப்புறம் அவன் கேட்டது ஒண்ணே ஒண்ணுதான். ஜெயிச்சோமாப்பா?

ஜெயிச்சுட்டோம்டான்னு சொல்லிட்டேன்.

அந்த மூலையில பாடுறது உங்க கூட்டாளிங்கதானே? ஸ்கேன் முடிஞ்சதும் இந்த வழியாத்தான் அவனத் தள்ளிக்கிட்டுப் போவாங்களாம். அவனால தலையத் திருப்ப முடியாது, ஆனா காது நல்லாக் கேக்கும். அவங்ககிட்ட கொஞ்சம் சொல்லி வைங்க தம்பி. அவன் இந்த ஹாலத் தாண்டுற வரைக்கும் நீங்க ஜெயிக்கல. தாண்டிப் போனதும் பாடிக்கட்டும், நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்.