கதிருக்குப் பயந்த மாமி

கல்முனையிலிருந்து அக்கரைப்பற்றுக்குப் போகும் பஸ்ஸில் எனக்கு முன் இருக்கையில் இரண்டு பெண்கள், சகோதரிகள் போலத் தெரிந்தது. சாய்ந்தமருதைத் தாண்டும்போது மூத்தவள் கேட்டாள்.

"உன்ட ஒடம்பு இருட்டுல வெளிச்சம் அடிக்குமாமே புள்ள, உண்மையா?"

"ஆரு ராத்தா சொன்ன?"

"உன்ட மாமிதான். ஊரெல்லாம் சொல்லித் திரியிறா."

இளையவள் சிரித்தாள். "மார்புல இருந்த சின்னக் கட்டிய மட்டும் வெட்டி எடுத்தாங்க. பொறகு அந்த இடத்துல குழாய் வெச்சி, கதிர் மருந்த உள்ளுக்கு விட்டு, கொஞ்ச நேரத்தால திருப்பி எடுத்தாங்க. அஞ்சு நாள் அப்படித்தான். கடைசியில குழாயையும் கழட்டிட்டாங்க. இப்ப உள்ளுக்கு ஒண்டும் இல்லையாம், டொக்டர் சொன்னாரு."

"அத மாமிட்ட சொல்லலியா?"

"சொல்லல்ல. ரெண்டு கிழமையா அவதான் சோறாக்கி, அறை வாசல்ல வெச்சிட்டு ஓடுறா. கலியாணம் முடிச்ச பன்னெண்டு வருசத்துல ஒரு நாள் தேத்தண்ணி ஊத்தித் தந்ததில்ல."

"அப்ப கதிர் இன்னும் ரெண்டு மாசத்துக்கு உள்ளுக்கு இரிக்காம் எண்டு சொல்லு!"

இளையவள் யன்னல் பக்கம் திரும்பினாள்.

"ஏலா ராத்தா. சின்னவள கிட்ட விடுறா இல்ல. நாலு வயசுப் புள்ள, நேத்து தலகாணியத் தூக்கிட்டு என்னோட படுக்க வந்தாள். மாமி கையப் புடிச்சி இழுத்திட்டுப் போயிட்டா. ஓ எண்டு அழுதாள்."

நிந்தவூரில் இறங்க எழும்பியபோது இளையவள் சொன்னாள்.

"இண்டைக்கே உண்மையச் சொல்லிருவன். குசினிச் சமையலும் என்ட தலையில விழும், புள்ளயும் என்ட மடிக்கி வருவாள்."