ஏழாம் எண் கொடையாளர்

விடுமுறை நாளில் வேலைக்குப் போவதை நான் ஒருபோதும் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை. ஒருநாள் விட்டு ஒருநாள் தீனி போட்டாக வேண்டும். ஞாயிற்றுக்கிழமை, மழை, எனக்கு வந்த காய்ச்சல் எதுவும் தட்டில் இருப்பவற்றுக்குத் தெரியாது. பதினாறு வருடத்தில் ஒருமுறைகூடத் தவறவிடவில்லை. இதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள். மற்றதை வரிசையாகச் சொல்கிறேன்.

எங்கள் ஆய்வக அறையில் வளர்வது மனிதக் குடல். அறுவை சிகிச்சையில் வெட்டி எடுத்த துணுக்கிலிருந்து, அரிசியில் பாதிகூட இல்லாத சின்னச் சின்னப் பைகளாக வளர்ப்போம். வாந்தியும் பேதியும் கொண்டுவருகிற அந்த வைரஸை அவற்றில்தான் வளர்ப்போம். மனிதன்தான் வேண்டும் என்று அடம்பிடிக்கும் கிருமி அது. தட்டிலும் நாலைந்து தலைமுறைதான் தாங்கும். பிறகு சோர்ந்துபோய் ஒன்றுமில்லாமல் ஆகிவிடும். மறுபடி ஒரு நோயாளியின் மலத்திலிருந்து தொடங்க வேண்டும். கைக்குழந்தைகளைக் கொண்டுபோகிற நோய்க்குத் தடுப்பூசி தேடினோம். விளையாட்டுக்கு வளர்க்கவில்லை.

அக்காவைப் பற்றிக் கேட்டீர்கள். என்னைவிடப் பதினோரு வயது மூத்தவள், தையல்காரி. அம்மா போனபின் என்னை வளர்த்தவள். எனக்காகத்தான் அவள் கல்யாணம் செய்துகொள்ளவில்லை என்று பக்கத்து வீட்டுக்காரி சொல்வாள். அக்கா அப்படி ஒருநாளும் சொன்னதில்லை. சில வருடங்களாக அவளுக்குச் சிறுநீரகம் பலவீனம். மாத்திரைகளை நான்தான் எடுத்துவைப்பேன்.

முதல் தடவை நான் எதுவும் செய்யவில்லை. எங்கள் குடியிருப்பு முழுக்க வயிற்றுப்போக்கு பரவியது, அவளுக்கும் வந்தது. மலம் பிடிக்கிற டப்பாவை நான் நீட்டியதும் படுத்தபடியே சிரித்தாள்.

"கருமம்டா. அவனவன் வீட்லேர்ந்து வேலைக்குச் சாப்பாடு கொண்டு போவான். நீ கொண்டு போறதப் பாரு."

பதிவேட்டில் பெயர் எழுதுவதில்லை. ஒப்புதல் படிவத்தில் அவள் கையெழுத்தை வாங்கிக்கொண்டு, கொடையாளர் ஏழு என்று எழுதினேன். அந்த ஏழாம் எண் கிருமி போல எதுவும் வளர்ந்ததில்லை. ஒன்பது தலைமுறை தாண்டியது. ஆய்வகத்தின் தலைமை ஆய்வாளர் மேடம் கருவியில் கிருமி எண்ணிக்கையைப் பார்த்துவிட்டு என் தோளில் தட்டினார். பதினாறு வருடத்தில் அது ஒருமுறைதான் நடந்தது.

பத்தாவது தலைமுறையில் மங்கத் தொடங்கியது.

"ஏழு போச்சுன்னா நம்ம கதையும் போச்சுப்பா. அந்த ஆளையே மறுபடி பிடிக்க முடியாதா?" என்றார். ஒரு பேச்சுக்குத்தான் கேட்டார். அவர்மேல் எந்தத் தப்பும் இல்லை.

எஞ்சியிருந்த கிருமியில் கொஞ்சத்தை முதலில் நான்தான் குடித்தேன். இதையும் எழுதிக்கொள்ளுங்கள். சிலருடைய குடலில் அந்த வகை ஒட்டாது, பிறவி வாகு. நான் அந்த ரகம் என்று ஐந்து வருடத்துக்கு முன்பே பரிசோதனையில் தெரிந்திருந்தது. இருந்தாலும் குடித்தேன். மூன்று நாள் காத்திருந்தேன். ஒன்றும் ஆகவில்லை. அதன் பிறகுதான் அக்காவின் பழச்சாற்றில் கலந்தேன்.

இரண்டாம் நாள் படுத்தாள், ஐந்தாம் நாள் எழுந்து தையல் மெஷினில் உட்கார்ந்துவிட்டாள். நான் விடுப்பு எடுத்துக்கொண்டு, தீனி போடப் போகிற நேரம் தவிர, கூடவே இருந்தேன். உப்பும் சர்க்கரையும் கலந்த தண்ணீரை அளந்து கொடுத்தேன். வெளியே போனதையும் அளந்தேன். எந்த ஆஸ்பத்திரியிலும் அவளை அப்படிப் பார்த்திருக்க மாட்டார்கள். அந்த மாதிரியைக் கொடையாளர் பன்னிரண்டு என்று பதிந்தேன். அதற்கான கையெழுத்தை நானே போட்டேன். அவளை எழுப்ப மனம் வரவில்லை.

எட்டு மாதத்தில் பன்னிரண்டும் மங்கியது.

மூன்றாவது தடவை ஒரு பிசகு செய்தேன். டப்பாவை முன்கூட்டியே குளியலறை அலமாரியில் வைத்துவிட்டேன். அக்கா அதைப் பார்த்துவிட்டு வந்தாள்.

"எனக்குத்தான் இன்னும் ஒண்ணும் வரலையேடா. டப்பா எதுக்கு?"

"சும்மா இருக்கட்டும்க்கா."

மேஜையில் பழச்சாறு இருந்தது. அவள் தம்ளரைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். எடுத்து முழுவதையும் குடித்தாள். தம்ளரைக் கழுவிக் கவிழ்த்தும் வைத்தாள். நான் அதைச் சம்மதம் என்றுதான் எடுத்துக்கொண்டேன்.

இந்தத் தடவை அவளால் தாங்க முடியவில்லை. சனிக்கிழமை காலையிலிருந்து சிறுநீர் இறங்கவில்லை. அதையும் குறித்துவைத்திருக்கிறேன், நோட்டில் பாருங்கள்.

"ஆஸ்பத்திரிக்குப் போயிடலாமாடா?" என்றாள். "உன்ன விட்டா எனக்கு யாருடா இருக்கா."

"நாளைக்குப் பாத்துக்கலாம்க்கா" என்றேன்.

காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் தட்டில் வளர்ந்தபோது அந்தக் கிருமியின் மரபணுவில் சின்ன மாற்றம் ஒன்று வந்திருந்தது. ஒரு மச்சம் மாதிரி. எங்கள் அறைக்கு வெளியே எந்த நோயாளியிடமும் நாங்கள் அதைக் கண்டதில்லை. அறையின் மாதிரிகளை மரபணுச் சோதனைக்கு அனுப்புவது நான், அதனால் பன்னிரண்டை அனுப்பாமலே விட்டேன். ஆனால் இந்த நோய்க்கு ஆஸ்பத்திரி எடுக்கும் மாதிரி எங்கள் ஆய்வகத்துக்குத்தான் வரும், நேராகத் தலைமை ஆய்வாளர் கைக்குப் போகும்.

ஞாயிறு காலை தீனி போட வேண்டிய நாள். அவள் தலைமாட்டில் தண்ணீர் வைத்துவிட்டுப் போனேன். போய்வர இரண்டரை மணி நேரம். திரும்பியபோது பக்கத்து வீட்டுக்காரி வாசலில் நின்றாள்.

"கூப்பிட்ட குரலுக்கு ஆளில்லாம கெடந்தாளேப்பா. இந்த நேரத்துல எங்க போயிட்ட?"

ஆம்புலன்ஸை அவள்தான் அழைத்திருந்தாள். அக்கா மறுநாள் போய்விட்டாள். அந்த வாரமே தலைமை ஆய்வாளர் மச்சத்தைப் பார்த்துவிட்டார், போலீசுக்குச் சொல்லி உங்களை அழைத்தார். எனக்கு அவர்மேல் வருத்தமில்லை. நான் அவர் இடத்தில் இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன்.

"நீங்கள்தான் கொன்றீர்களா?" என்று என்னை நேராகக் கேட்டீர்கள். தம்ளரில் என்ன இருந்தது என்று எனக்குத் தெரியும். அவள் உடம்பு அதைத் தாங்காமல் போகலாம் என்றும் தெரியும். கூட்டிப்போயிருந்தால் பிழைத்திருப்பாள். ஆமாம், நான்தான். மறைக்க எதுவுமில்லை, எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன்.

ஒரே ஒரு விஷயம். அறையைப் பூட்டிச் சீல் வைத்திருக்கிறீர்கள். நேற்று தீனி நாள். இன்று மாலைக்குள் யாராவது போனால் காப்பாற்றிவிடலாம். தயவுசெய்து ஆளை அனுப்புங்கள். அவற்றுக்கு என்னை விட்டால் யாரும் இல்லை.