கொடிக்கம்பு

கத்தரிச் செடிக்கு அடுப்புச் சாம்பலைத் தூவினால் பூச்சி அவ்வளவாக அண்டாது. காலைப் பனி இலையில் இருக்கும்போதே தூவிவிட வேண்டும், அப்போதுதான் ஒட்டும். நீங்கள் ஜீப்பை விட்டு இறங்கி வந்தபோது நான் அதைத்தான் செய்துகொண்டிருந்தேன். கையைக் கழுவிக்கொண்டு வருகிறேன் என்றதும் பெரிய மனசு பண்ணிக் காத்திருந்தீர்கள். உட்காருங்கள் அம்மா. எனக்கும் நின்று பேசத் தெம்பில்லை.

பெரிய தோட்டம் ஒன்றும் இல்லை. நாலு சேலை காயப்போடும் இடம், அவ்வளவுதான். கத்தரி, தக்காளி, அவரை, பந்தலில் சுரை, வாசலோரம் செவ்வந்தி. அவர் போய், மகனும் திருப்பூரே கதியென்று ஆன பிறகு, காலையில் எழுந்திருக்க எனக்கிருந்த ஒரே காரணம் இதுதான். இந்த மலைமேல் வளப்பூர் நாட்டில் அத்தாயி என்றால் தெரியாதவர்கள்கூட, செவ்வந்திக்காரம்மா வீடு என்றால் வழி காட்டுவார்கள்.

எங்கள் வீட்டில் ஒரு பேச்சு உண்டு. இல்லை என்று சொன்ன வீட்டில் கொடி தழையாது என்பார்கள். விளைந்து நிற்பதை ஒருவர் வந்து கேட்டுவிட்டால் கொடுத்துவிட வேண்டும். வாழ வந்த நாளிலிருந்து நான் ஒருவரையும் வெறுங்கையோடு அனுப்பியதில்லை. யாரை வேண்டுமானாலும் விசாரித்துப் பாருங்கள்.

மணிமேகலை பக்கத்து வீட்டுக்கு வாழ வந்தவள். அடிவாரத்துப் பெண், ஊர் காரவள்ளி. மிளகு லோடு ஏற்றி ஜீப் ஓட்டுகிறானே சதீஷ்குமார், அவன் பெண்டாட்டி. நல்ல பெண் அம்மா. அதைச் சொல்லாமல் விட்டால் எனக்குப் பாவம் வந்து சேரும். நான் காய்ச்சலில் கிடந்தபோது கஞ்சி வைத்து ஊட்டிவிட்டவள். முகம் கோணி நான் பார்த்ததில்லை. ஆனால் கேட்பாள்.

"ஏனுங்க அத்தை, ரெண்டே ரெண்டு தக்காளி பறிச்சுக்கட்டுங்களா?"

"பறிச்சுக்க கண்ணு."

ரெண்டு என்றால் அவளுக்கு மடி நிறைய. விரியாத செவ்வந்தியைக் கேட்பாள். நாளைக்குப் பறிக்கலாம் என்று நான் விட்டுவைத்த அவரையைக் கேட்பாள். கேட்காமல் ஒரு இலையைக் கிள்ளியிருந்தால்கூட, திருட்டுக் கழுதை என்று நாலு வார்த்தை திட்டி மனசு ஆறியிருப்பேன். கேட்டுவிடுகிறாளே, நான் என்ன செய்ய? வேலிப் படல் திறக்கும் சத்தம் கேட்டாலே உடம்பெல்லாம் தளர்ந்துபோகும். அடி மேல் அடி அடித்தால் அம்மியும் நகரும் என்பார்கள். நான் மனுஷிதானே.

பந்தலில் ஒரு சுரைக்காயை விதைக்கு விட்டிருந்தேன். கழுத்து நீண்ட ஜாதி, அவர் எங்கிருந்தோ கொண்டுவந்து போட்டது. எடுத்துவைத்த விதையெல்லாம் மழையில் ஊறி அழுகிவிட்டது. மிச்சம் அந்த ஒரு காய்தான். காம்பில் சிவப்புத் துணி கட்டியிருந்தேன். துணி கட்டியது விதைக்காய், தொடக் கூடாது என்று மலையில் பால்குடிக் குழந்தைக்கும் தெரியும். அவளுக்குத் தெரியவில்லை.

"அத்தைங்க, இந்தக் காய் முத்திப்போகும் போலிருக்குதுங்களே. பறிச்சுக்கட்டுங்களா? அவருக்குச் சொரைக்காப் பொரியல்னா உசுரு."

அது விதைக்கு என்று ஒரு வார்த்தை சொன்னால் முடிந்தது. சொல்ல வாய் வரவில்லை. பறித்துக்கொள் என்றேன். துணியை அவிழ்த்து, நாலாக மடித்து, பத்திரமாக என் கையில் கொடுத்துவிட்டுப் போனாள்.

எனக்குக் கோபம் வரவில்லை. அதை நீங்கள் நம்ப வேண்டும். கோபம் வந்திருந்தால் கத்தி, அழுது ஓய்ந்திருப்பேன். அலுப்புத்தான் வந்தது. பாயை விரித்துப் படுத்தேன். எழுந்தபோது பந்தல் காலியாகத் தெரிந்தது.

வள்ளிக்கிழங்கு பார்த்திருப்பீர்கள். கொடி கம்பைப் பிடித்து ஏறும். தை பிறந்தால் கொடி காய்ந்து உதிர்ந்துவிடும். மண்ணுக்குள் கிழங்கு எங்கே கிடக்கிறது என்பதற்கு அப்புறம் கம்புதான் அடையாளம். மணிமேகலைக்கு இதைச் சொன்னது நான்தான். "கம்பு நட்ட எடத்துல தோண்டு கண்ணு, வேலியோரமாக் கை வெச்சராத" என்றிருந்தேன். வேலியோரம் கண்வலிப்பூ வைத்திருக்கிறேன். சிவப்பும் மஞ்சளுமாக நெருப்பு மாதிரிப் பூக்குமே, அது. அழகுக்கு வைத்ததுதான். அதன் கொடியும் தையில் காய்ந்துவிடும். அதன் கிழங்கு மனுஷரை என்ன செய்யும் என்று ஆஸ்பத்திரியிலேயே உங்களுக்குச் சொல்லியிருப்பார்கள்.

பாவம், கீழ்நாட்டுப் பெண், கிழங்கு அடையாளம் தெரியாமல் தின்றுவிட்டாள் என்று ஊர் பேசுகிறது. நானும் அப்படித்தான் சொல்லி வந்தேன். காற்றில் கம்பு விழுந்திருக்கும், யாராவது எடுத்து மாற்றி ஊன்றியிருப்பார்கள் என்றேன். ஊர் நம்பிவிட்டது. நீங்கள்தான் வேலியோரக் குழியைப் பார்த்துவிட்டு, கம்பை இறுக்கிய கல் இங்கே கிடக்கிறதே என்றீர்கள். சரிதான். காற்று கம்பைச் சாய்க்கும். கல் வைத்து இறுக்காது. அதைப் பிடுங்கி வேலியோரம் நட்டது நான்தான் அம்மா.

சதீஷ்குமார் நாமக்கல்லுக்கு லோடு கொண்டுபோன அன்றைக்கு நட்டேன். அவன் மலையில் பிறந்தவன். கலப்பை மாதிரி வளைந்த கிழங்கைக் கண்டாலே தூக்கி எறிந்திருப்பான். அவனுக்கும் ஒன்றும் ஆகிவிடக் கூடாது என்ற நினைப்பு எனக்கு இருந்தது. அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

படல் திறந்தது.

"அத்தைங்க, அந்தக் கம்படியில ரெண்டு கெழங்கு தோண்டிக்கட்டுங்களா?"

நான் சாம்பல் சலித்துக்கொண்டிருந்தேன். தலையை நிமிர்த்தவில்லை.

"தோண்டிக்க கண்ணு."

மத்தியானம் கிண்ணத்தோடு வந்தாள். கிழங்கு கொடுத்த வீட்டுக்குத்தான் முதல் கிண்ணம் என்பது எங்கள் வழக்கம், அதையும் எப்படியோ தெரிந்துவைத்திருந்தாள். மேலே தேங்காய்த் துருவல் தூவியிருந்தாள்.

"உங்களுக்குன்னு உப்புக் கம்மியாப் போட்டனுங்க."

"நீ சாப்பிட்டியா சாமி?"

"இல்லீங்க. உங்களுக்குக் குடுத்துப்போட்டு இனிமேத்தானுங்க."

அப்போதும் நேரம் இருந்தது. நீங்கள் கேட்குமுன் நானே சொல்லிவிடுகிறேன். கையை நீட்டினால் அவள் முந்தானை எட்டும். "சூடா இருக்கறப்பவே சாப்பிட்டுரு" என்றேன். அவள் போனதும் கிண்ணத்தில் இருந்ததைக் குழி பறித்துப் புதைத்தேன். கிண்ணத்தைக் கழுவிக் கவிழ்த்தேன், திருப்பிக் கொடுக்க வேண்டுமே என்று.

பொழுது சாய்வதற்குள் வாந்தி எடுத்துத் துவண்டுவிட்டாள். அக்கம்பக்கத்தார் ஒரு வண்டி பிடித்தார்கள். நானும் ஏறிக்கொண்டேன். கொண்டை ஊசி வளைவெல்லாம் அவள் தலை என் மடியில்தான் இருந்தது. வண்டி திரும்பும் போதெல்லாம் "அத்தைங்க, தண்ணி" என்பாள். கேட்டபோதெல்லாம் கொடுத்தேன். காரவள்ளி வந்தபோது, கண்ணு, உங்க ஊரு வந்திருச்சு பார் என்றேன். அவள் கண்ணைத் திறக்கவில்லை. ஆஸ்பத்திரியில் இழுத்துக்கொண்டு கிடந்துதான் போனாள்.

இப்போதெல்லாம் தினமும் காலையில் சதீஷ்குமார் வருகிறான். படத்துக்குப் போட ரெண்டு செவ்வந்தி குடுங்க பெரியம்மா என்கிறான். நானே பறித்து, சரமாகத் தொடுத்துக் கொடுக்கிறேன். வாங்கிக்கொண்டு உடனே போகமாட்டான். "உங்களத்தான் பெத்த தாயாட்டம் நெனச்சிருந்தாளுங்க" என்று சொல்லி நின்றபடியே அழுவான். எனக்குத் தாங்கவில்லை. அந்தப் படல் சத்தம் இன்னொரு நாள் காதில் விழுந்தால் நான் செத்துப்போவேன் அம்மா. ஸ்டேஷனோ ஜெயிலோ, எங்கே கூட்டிப் போனாலும் சரி, கொஞ்சம் படுக்க இடம் இருந்தால் போதும்.

அவனிடம் ஒன்று சொல்லிவிடுங்கள். இனி எதுவானாலும் அவனே பறித்துக்கொள்ளட்டும். கம்பைப் பழையபடி வள்ளிக்கிழங்கு இருக்கும் இடத்திலேயே நட்டுவிட்டேன், பயமில்லாமல் தோண்டலாம்.

ஊர் என்னை என்ன வேண்டுமானாலும் பேசட்டும். அந்தப் பெண் வந்து கேட்டு, அத்தாயி இல்லை என்று சொல்லிவிட்டாள் என்று மட்டும் ஒருத்தரும் சொல்லிவிடக் கூடாது.