சிவப்பு அன்னங்களின் புதுவீடு

— ஏலாதெண்டால் ஏலாது, பரமேஸ்வரன் அண்ணை. விளக்குக் கொளுத்த வேற ஆளைப் பாருங்கோ.

— துசி, நான் சொல்லுறன் கேளும். வெளியில ஹவுன்ஸ்லோச் சனம் தெரு முட்ட நிக்குது. மிஸ் டோரதி சக்கர நாற்காலியில இருந்து கதவையே பாத்துக்கொண்டிருக்கிறா. தான் தொடங்கின பாலேக் குழுவுக்கு ஒரு சொந்தக் கட்டிடம் வந்தால், முதல் நாளிலயிருந்து உடுப்புத் தைக்கிற துசியந்திதான் விளக்கைக் கொளுத்த வேணுமெண்டு அவ எப்பவோ சொல்லிப்போட்டா.

— அவ வெள்ளைக்காரி, அவவுக்கு என்ன தெரியும்? என்ர மனிசன் பாலேந்திரா செத்து ஒரு வருசமாகேல்லை, ஆட்டைத் திவசம் கூட முடியேல்லை. புருசன் செத்தவள் புதுவீட்டுக்கு விளக்குக் கொளுத்துறதோ?

— உது வீடில்லை தங்கச்சி, பழைய கார்ப்பெட் ஸ்டோர்.

— வாடகை மண்டபம் வாடகை மண்டபமா அலைஞ்ச எங்களுக்கு இதுதான் வீடு. வானில உடுப்பு ஏத்தி இறக்கி நாரி முறிஞ்ச நீங்களே இப்படிக் கதைக்கிறியளோ?

— துசி அக்கா! உங்களை எங்கெல்லாம் தேடறது? பொண்ணுங்க வார்ம்-அப் முடிச்சுட்டாங்க. இன்னைக்கு மாதிரி அவங்க பறந்து நான் பார்த்ததே இல்ல. வாங்க, கதவைத் திறக்கணும்!

— வாரும் சுப்ரியா, நீர்தானே மனேஜர். நீரே சொல்லும். விளக்குக் கொளுத்த மாட்டாவாம்.

— என்னக்கா இது? சென்னையில காலேஜ் படிக்கும்போதே உங்க சிவப்பு அன்னங்களைப் பத்திப் படிச்சவ நான். அடக்கப்பட்டவங்களோட ரத்தம்தான் அந்தச் சிவப்புன்னு ஒரு விமர்சகர் எழுதியிருந்தார். படிச்சதும் புல்லரிச்சுப் போச்சு. அதுக்காகத்தான் பேங்க் வேலையை விட்டுட்டு வந்தேன்.

— ரத்தமோ! அண்ணை, கேட்டியளே?

— பாவம், பிள்ளைக்கு உண்மையைச் சொல்லும்.

— இரும் பிள்ளை, சொல்லுறன். முப்பது வருசத்துக்கு முதல் எங்களை ஒரு தியேட்டரும் எடுக்கேல்லை. பிள்ளையள் சேர்ச் மண்டபத்தில பழகுவினம், அங்கயே ஆடுவினம், பாக்க ஆடுற பிள்ளையளின்ர தாய் தேப்பன்தான் வருவினம். அப்பதான் பாலாம்பிகை அக்கா தன்ர மகளின்ர சாமத்தியவீட்டுக்கு எங்களைப் பிடிச்சா. வெம்பிளியில பெரிய மண்டபம். பிள்ளையை மணவறைக்குக் கூட்டிவரேக்க முன்னுக்கு எட்டு அன்னம் ஆடவேணுமாம்.

— சாமத்தியவீடுன்னா மஞ்சள் நீராட்டு விழாதானே? அதுக்கு பாலேவா?

— பின்னை? லண்டனில யானைக்கு எங்க போறது? அன்னம் கிடைச்சுது. மோர்டன் மீன்கடை வானை இரவல் வாங்கி நான்தான் ஏத்திக்கொண்டு போனது. இறங்கேக்க எட்டு அன்னத்திலயும் விளைமீன் மணம்!

— அண்ணை, நீங்கள் மீனுக்குள்ள போயிட்டியள். முதல் நாள் ஒத்திகை பாக்க வந்த பாலாம்பிகை அக்கா குளறத் தொடங்கிட்டா. என்ர பிள்ளையின்ர நல்ல நாளில வெள்ளைச் சீலையோட எட்டுக் கைம்பெண்டாட்டியை முன்னால விடப்போறியளோ எண்டு.

— அட கடவுளே! அன்னம்னா வெள்ளைதானேக்கா?

— அது அன்னத்துக்குத் தெரியும். அக்காவுக்கு ஆர் சொல்லுறது? எட்டு உடுப்பையும் வீட்டை கொண்டுபோய், குளிக்கிற தொட்டிக்குள்ள சிவப்புச் சாயத்தைக் கரைச்சு முக்கிப்போட்டன். என்ர மனிசன் எயார்போட் ஷிப்ட் முடிஞ்சு வந்து கதவைத் திறந்தார். ஆரையோ வெட்டிப்போட்டன் எண்டு சுவரோட ஒட்டிக்கொண்டு நிண்டார்.

— பேந்து கையை மடிச்சுக்கொண்டு பிழிஞ்சதும் அவன்தானே. ஒரு கிழமை கை சிவப்பு. தோலுக்கு மருந்து எடுக்கச் சொல்லிச் சூப்பர்வைசர் துரத்தினவனாம்!

— அண்டைக்கு மண்டபத்தில விசில் பறந்தது, பிள்ளை. அதுக்குப் பிறகு எந்தச் சாமத்தியவீட்டுக்கும் சிவப்பு அன்னம் வேணும். கவுன்சில் காசை நிப்பாட்டினபோதும் குழுவுக்குச் சோறு போட்டது அதுதான். பேந்து பெரிய தியேட்டர் கூப்பிட்டது. வெள்ளையில புதுசு தைக்க வழியில்லை, அந்தச் சிவப்போடயே மேடை ஏத்தினம். உம்மட விமர்சகர் அதில ரத்தத்தைக் கண்டுபிடிச்சார்.

— மிஸ் டோரதி ஏன் மறுக்கல?

— சாமத்தியவீட்டுக் கதையை அவவுக்கு விளங்கப்படுத்த என்ர இங்கிலிசு காணாது. விமர்சகர் கேட்க அவ சிரிச்சா, அவருக்கு அந்தச் சிரிப்பு விளங்கேல்லை. விட்டாச்சு.

— ஐயோ, இதைத்தான் நான் இன்னைக்கு மேடையில சொல்லப்போறேன்! ஆனா அக்கா, அன்னைக்கு ஒருத்தங்க வெள்ளை ஆகாதுன்னாங்க, நீங்க அன்னத்தையே மாத்திட்டீங்க. இன்னைக்கு நீங்களே வேண்டாம்னு ஒதுங்கி நின்னா எப்படி?

— உடுப்பெண்டால் சாயம் போடலாம் பிள்ளை. எனக்கு என்னத்தைப் போடுறது?

— துசி...

— சும்மா இருங்கோ அண்ணை. இண்டைக்கு ஒரு பிள்ளை சறுக்கிக் காலை முறிச்சால்? துசி கொளுத்தின விளக்கெண்டுதான் கதைப்பினம். முகத்துக்கு முன்னால ஒருத்தரும் சொல்லாயினம், கார் பார்க்கில நிண்டு சொல்லுவினம். அதுகளின்ர காலில என்ர பழி விழக்கூடாது. பாலாம்பிகை அக்கா பட்டுச் சீலையோட வந்து நிக்கிறா. புருசன் பக்கத்தில. அவவைக் கூப்பிடுங்கோ.

— அவங்களையா? அன்னைக்குக் கத்தினவங்களையா?

— சரி பிள்ளை, விடும். கட்டாயப்படுத்தக் கூடாது. நீர் போய் அவவைக் கூட்டிக்கொண்டு வாரும். நான் விளக்கை வாசலுக்குத் தூக்குறன்... இதென்ன?

— என்ன அண்ணா?

— இஞ்ச வந்து பாரும். நேற்று நான் புதுத் திரி போட்டு, எண்ணெய் முட்ட விட்டு வைச்சனான். திரி கருகிக் கிடக்குது. எண்ணெயில அரைவாசி இல்லை.

— நேத்து பூட்டின கட்டடம் அண்ணா. நாங்க வர்றதுக்கு முன்னாடி யார் உள்ள வந்திருப்பாங்க?

— துசி, கதவுத் திறப்பு உம்மட்டத்தானே இருக்குது?

— விடியக்காலமை வந்தனான் அண்ணை. கரண்ட் விடேல்லை. அன்னங்களின்ர முதுகுக் கொக்கி எல்லாம் தைக்கக் கிடந்தது, போன் வெளிச்சம் காணாது... கிட்ட விளக்கு நிண்டது, ஒண்டையும் யோசிக்கேல்லை, கொளுத்தி வைச்சிட்டு இருந்து தைச்சன். கடைசி அன்னம் முடியுமட்டும் எரிஞ்சது.