பழைய விலாசம் முதலில்

— அதெல்லாம் இருக்கட்டும் அண்ணி. மெஷின்ல ஒரு குறையும் இல்லைன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டு மேனேஜர்கிட்ட கொடுத்துட்டேன். குறை உங்க கையிலதான்.

— ரொம்ப சந்தோஷம் தம்பி. அண்ணன் பொண்டாட்டியை வேலையை விட்டுத் துரத்தற காகிதத்துல கொழுந்தன் கையெழுத்து. எத்தனை பேருக்கு இந்தக் கொடுப்பினை இருக்கும்?

— வேலை வாங்கிக் கொடுத்ததே நான்தானே? இந்த ரத்தப் பரிசோதனைக் கூடத்துல கம்ப்யூட்டர் எல்லாம் என் பொறுப்பு. என் பேரு என்னாகறது? பக்கத்துக் கவுண்டர் பொண்ணு ஒரு நாளைக்கு அறுபது பேரைப் பதியறா. நீங்க முப்பதைத் தாண்டல. நாலு மணிக்கு மேனேஜர் கூப்பிட்டுக் கணக்கை முடிச்சு அனுப்பிடுவாரு. நான் என்ன பண்ண?

— அவளும் போன மாசம் வரைக்கும் முப்பதுதான்.

— அதுக்குத்தான் நான் கூட உட்காந்து ஒரு மணி நேரம் பயிற்சி கொடுத்தேன். விரலை எங்க வைக்கணும், எப்படி நிமிர்ந்து உட்காரணும், எல்லாம். மறுநாள்லேருந்து பறக்கறா. கூட்டத்துல மேனேஜர் என்னை எழுந்து நிக்கச் சொல்லிப் பாராட்டினாரு. பயிற்சிக்கு உங்களையும்தான் கூப்பிட்டேன், வரல.

— நான் நிமிர்ந்துதான் உட்காந்திருக்கேன். இப்ப ஒரு பேரை அடிச்சுப் பொத்தானை அழுத்தறேன். நீங்க எண்ணுங்க.

— எதுக்கு?

— எண்ணுங்களேன். படிச்சவர்தானே.

— ஒண்ணு, ரெண்டு, மூணு... இதென்ன விளையாட்டு? இருபத்தெட்டு, இருபத்தொம்பது. வந்துடுச்சு.

— இவ்வளவு நேரமும் என் கை மடியிலதான் கிடந்துச்சு தம்பி. ஒரு ஆளைப் பதிய இப்படிப் பதினஞ்சு தடவை பொத்தானை அழுத்தணும்.

— சரி, உங்களுக்குப் புரியற மாதிரி சொல்றேன். நம்ம பதிவேடு இருக்கற பெரிய மெஷினுக்குப் பேரு ஒண்ணு, விலாசம் ரெண்டு. ஒண்ணு பழசு, ஒண்ணு புதுசு. புது விலாசத்துக்குப் போற லைன் இந்த ரூமுக்கு இன்னும் வரல. ஆனா இந்த மெஷின் புதுசைத் தேடித்தான் முதல்ல ஓடும். கதவைத் தட்டித் தட்டி, யாரும் திறக்கலைன்னு அலுத்துப்போய்த்தான் பழசுக்கு வரும்.

— அரை நிமிஷம் தட்டுமா?

— தட்டும். அதான் ரெண்டு மாசம் முன்னாடியே ரெண்டு கவுண்டர்லயும் எழுதி வெச்சுட்டேன், பழசுக்கே முதல்ல போன்னு. ஒரே ஒரு வரி. அதோட அந்தப் பிரச்சனை செத்துப்போச்சு.

— செத்ததோட முகத்தைக் கொஞ்சம் காட்டுங்க.

— உங்களுக்கு அதெல்லாம் விளங்காது அண்ணி. சரி, இந்தாங்க, ஆசைக்குப் பாத்துக்கங்க. நூறுன்னு முடியுதே, அந்த வரிதான்.

— வரிக்கு முன்னாடி வேலி மாதிரி ஒரு குறி நிக்குதே, அது என்ன?

— அது ஃபைல்ல மாதிரிக்குன்னு இருந்த வரியோட முன்னாடியே இருந்தது, நான் அந்த வரியில நம்பரை மாத்தி எழுதினேன். அந்தக் குறி இருந்தா மெஷின் அந்த வரியைப் படிக்காது. மனுஷங்க படிக்கறதுக்கு மட்டும்...

— சொல்லுங்க, ஏன் நிறுத்திட்டீங்க? மனுஷங்க யாராவது படிச்சாங்களா?

— துளியூண்டு குறி அண்ணி. அவசரத்துல அழிக்காம விட்டிருப்பேன். இதோ, ஒரு நொடி வேலை. மெஷின் இன்னிக்குத்தான் மக்கர் பண்ணுச்சு, வந்து சரி பண்ணிட்டேன்னு சொல்லிக்கலாம். உங்க வேலையும் நிக்கும், என் மானமும் நிக்கும்.

— கையை எடுங்க. மேனேஜர் வந்து அவர் கண்ணால பாக்கட்டும்.

— பாத்தா? ரெண்டு கவுண்டர்லயும் ஒரே வரியைத்தான் எழுதினேன், ஒரே மாதிரிதான் எழுதினேன். இந்தக் குறிதான் காரணம்னா அந்தப் பொண்ணு மட்டும் எப்படிப் பறக்கறான்னு கேப்பாரே, என்ன சொல்வீங்க?

— அங்க இருந்த குறியை அழிச்சது நான்தான்னு சொல்வேன். அவளுக்கு நிமிர்ந்து உட்காரச் சொல்லிக் கொடுத்துட்டு நீங்க கிளம்பினீங்களே, அன்னிக்குச் சாயங்காலமே, நீங்க கீபோர்டுக்கு அடியில ஒட்டி வெச்சிருந்த பாஸ்வேர்டைப் போட்டு அழிச்சேன். என்னோடதை மட்டும் விட்டு வெச்சேன் தம்பி. அதையும் அழிச்சிருந்தா, எனக்கும் பயிற்சி கொடுத்தேன்னு இன்னொரு தடவை எழுந்து நின்னிருப்பீங்க.