மஞ்சள் சதுரத்தில் ஒரு நாற்காலி

மணி பதினொன்று தாண்டியிருக்கும். பெட்ரோல் பங்க் விளக்கைக் கடந்துவிட்டால் அந்தச் சாலையில் வெகு தூரத்துக்கு அடுத்த விளக்கு கிடையாது. இரண்டு பக்கமும் உழுது போட்ட நிலம். வீடு இல்லை. நாய்கூட இல்லை… குரைப்பதற்குக்கூட ஒன்றும் வாய்க்காத சாலை.

அதில் ஒரு ஸ்கூட்டர் வந்துகொண்டிருந்தது. ஓட்டி வந்தவர் சட்டைக்குள், வயிற்றோடு அணைத்தாற்போல, ஒரு பழைய கேமரா.

நான் பார்க்கவில்லை, பொய் சொல்ல மாட்டேன். அவர் என் சினேகிதருடைய சகலை. சினேகிதர் எந்நேரமும் ‘எங்க சகலை, எங்க சகலை’ என்று சொல்லிச் சொல்லி, மனுஷர் எங்கள் கூட்டம் முழுவதற்கும் சகலை ஆகிவிட்டார். பெயர் ஏதோ உண்டு. யாருக்கும் தேவைப்பட்டதில்லை. கதை கேட்கக் கதவுப் பக்கம் உட்கார்ந்திருப்பவர்கள் வேண்டுமானால் உள்ளே தள்ளி உட்காரலாம். கட்டாயமில்லை.

சகலைக்குப் பகலில் அச்சகத்தில் காகிதம் வெட்டுகிற வேலை. மற்ற நேரமெல்லாம் பழைய கேமரா வியாபாரம். அதிலும் ஒரே ரகம்தான், ரேஞ்ச்ஃபைண்டர் என்பார்கள். ஃபிலிம் போட்டு எடுக்கிறது. அதில் லென்ஸ் வழியாகப் பார்ப்பதில்லை. மேலே ஓரமாக ஒரு சின்ன ஜன்னல் இருக்கும், அதில்தான் கண்ணை வைக்க வேண்டும். ஜன்னலின் நடுவில் மஞ்சளாக ஒரு சதுரம். அந்தச் சதுரத்துக்குள் மட்டும் எல்லாம் இரண்டிரண்டாகத் தெரியும். லென்ஸைச் சுற்றியிருக்கிற வளையத்தை மெல்லத் திருப்பினால் இரண்டும் நகர்ந்து வந்து ஒன்றாக ஒட்டிக்கொள்ளும். ஒட்டிவிட்டால் படம் தெளிவாக விழும். ஆள் எத்தனை மீட்டர் தள்ளி நிற்கிறார் என்பதையும் வளையமே சொல்லிவிடும்.

டிஜிட்டல் வந்த புதிதில் இந்தக் கேமராக்களைச் சீந்துவாரில்லை. ஒரு வீட்டில் கதவு சாத்திக்கொள்ளாமலிருக்க ஒன்றை முட்டுக் கொடுத்திருந்தார்கள். சகலை ஒரு செங்கல்லைக் கொடுத்துவிட்டு அதை வாங்கி வந்தார். செங்கல் புதுசு என்று வீட்டுக்காரருக்கு ஏகச் சந்தோஷம்.

அப்புறம் என்ன ஆயிற்றோ, மீசை முளைக்காத பிள்ளைகளுக்கெல்லாம் ஃபிலிம் மோகம் பிடித்தது. விலை ஏறிற்று. ஏறிற்று என்றால் சாதாரணமாக இல்லை. ‘யோசிச்சுட்டு வரேன்’ என்று டீ குடிக்கப் போனவன் திரும்பி வருவதற்குள், டீ குடித்த நேரத்துக்கும் சேர்த்து ஏறியிருக்கும். நகையை விற்றுக் கேமரா வாங்கினார்கள். மறுவருஷம் கேமராவை விற்று அதே நகையைத் திரும்ப வாங்கி, மேலே ஒரு மோதிரமும் போட்டுக்கொண்டார்கள். சகலை எதையும் அவசரப்பட்டு விற்க மாட்டார். “இன்னும் கொஞ்சம் ஏறட்டும்” என்பார். ஏறும்.

சரக்கில் ஃபிலிம் போட மாட்டார், தேய்ந்துவிடுமாம். லென்ஸ் மேல் மூடியும் எப்போதும் அப்படியே இருக்கும். கண்ணாடியில் ஒரு கீறல் விழுந்தால் பாதி விலை போயிற்று. மேல் ஜன்னலில்தானே பார்ப்பது? சதுரம் சரியாக ஒட்டுகிறதா, ஷட்டர் சத்தம் சரியாக இருக்கிறதா… எல்லாம் மூடியோடேயே சோதித்துவிடுவார். இருபது வருஷப் பழக்கம்.

“வீடு பூரா கேமரா” என்பாள் அவர் சம்சாரம். “என் மூஞ்சி இருக்கிற ஒரே போட்டோ பஸ் பாஸ்ல. அதுலயும் சீல் மூக்கு மேல விழுந்திருக்கு.”

“விலை கொஞ்சம் இறங்கட்டும், ஒரு கேமராவை நமக்குன்னு வச்சுக்கிட்டு எடுக்கறேன்.”

“அது இறங்கறதுக்குள்ள எனக்குப் பல்லு பூரா கொட்டிடும். அப்புறம் எடுத்து என்னத்துக்கு?”

பல் கொட்டவில்லை. அதற்குள் வேறு வந்துவிட்டது. இனி வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பினார்கள். அதற்கு என்ன அர்த்தம் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டாம்.

ஒரு நாள் காலையில் சகலை எழுந்து வந்து பார்த்தால், அவள் நல்ல துணியாக எடுத்து உடுத்திக்கொண்டு, தலை வாரி, நெற்றியில் வழக்கமான தைலத்தைத் தடவிக்கொண்டு, சமையலறை ஜன்னல் ஓரமாக நாற்காலியைத் தானே இழுத்துப் போட்டு உட்கார்ந்திருந்தாள். அந்த நாற்காலியை இழுக்க அவளுக்கு எவ்வளவு நேரம் ஆகியிருக்குமோ.

“இப்ப எடுங்க” என்றாள். “இன்னைக்கு மூஞ்சி பரவாயில்ல.”

சகலை அலமாரியிலிருந்த உசத்தியான கேமராவை எடுத்தார். ஃபிலிம் போட்டார். சதுரத்தை அவள் கண்மேல் வைத்து, வளையத்தைத் திருப்பி, இரண்டு முகத்தை ஒரு முகமாக்கி… அழுத்தினார். மறுபடியும் அழுத்தினார்.

நடுவில் அவள் கேட்டாள். “ஏங்க, முன்னாடி என்னமோ கறுப்பா வட்டமா இருக்கே. அது இருந்தா நான் தெரிவேனா?”

“அதெல்லாம் எனக்குத் தெரியும். நீ அசையாம இரு.”

அசையாமல் இருந்தாள். ஒரு ரோல் முழுக்க, கையை மடியில் கோத்து வைத்துக்கொண்டு, கொஞ்சம்கூட அசையவில்லை.

அந்த வாரமே போய்விட்டாள்.

காரியமெல்லாம் முடிந்து ரோலைக் கழுவக் கொடுத்தார். லேப்காரர் வெறும் ஃபிலிமை விளக்குக்கு நேரே தூக்கிப் பிடித்துக்கொண்டு, “சார்… மூடியைக் கழட்டலையா?” என்று கேட்டார். சகலைக்கு உடனே புரியவில்லை. கடையை விட்டு இறங்கிப் பாதித் தெரு நடந்த பிறகு புரிந்தது. அங்கேயே, நடுத்தெருவில் உட்கார்ந்துவிட்டார். பஸ் ஹாரன் அடித்தது. எழுந்திருக்கவில்லை.

அந்தக் கேமராவை அப்புறம் ஒரு நாள்கூட வீட்டில் வைக்கவில்லை. முதலில் கேட்ட ஒரு பல் டாக்டருக்கு, கேட்ட விலைக்கே தள்ளிவிட்டார். விற்றபின் அது ஏறின ஏற்றத்தைச் சொன்னால் நம்ப மாட்டீர்கள், விட்டுவிடுகிறேன்.

மூன்று வருஷம் போயிற்று. ஒரு நாள் பல் டாக்டர் போன் செய்தார்.

“சார், நீங்க குடுத்த பொருள்ல என்னமோ கோளாறு. வெறும் சுவத்தைப் பார்த்தாக்கூட நடுச் சதுரத்துல ஒரு அம்மா தெரியறாங்க.”

“எந்த அம்மா?”

“யாருக்குத் தெரியும்? நாற்காலில உக்காந்திருக்காங்க. கை மடியில. ஒரு வாரமா பார்க்கறேன், அசையறதே இல்ல. வீட்ல எல்லாரும் பயப்படறாங்க. எடுத்துட்டுப் போயிடுங்க.”

“எவ்வளவு?” என்றார் சகலை.

“இன்னைக்கு மார்க்கெட் விலைதான் சார்.”

பேய் இருக்கிற பொருளுக்குத் தள்ளுபடி உண்டா என்று சகலை கேட்கவில்லை. நானாயிருந்தால் கேட்டிருப்பேன்.

அலமாரியைக் காலி செய்தார். இருபது வருஷச் சரக்கு, பேரம் பேசாமல் போயிற்று. என் சினேகிதர் ஓடிப் போய்த் தடுத்தார். “என்ன சகலை, மூளை கலங்கிடுச்சா? ஒண்ணை வாங்கறதுக்கு எல்லாத்தையும் விக்கறீங்க?”

“உங்க கொழுந்தியா அங்க தனியா உக்காந்திருக்கா, சகலை. ஊரு பேரு தெரியாத வீட்ல.”

சினேகிதர் செருப்பை மாட்டிக்கொண்டு வந்த வழியே திரும்பிவிட்டார்.

அன்றிரவு பணத்தைக் கொடுத்துப் பொருளை வாங்கிக்கொண்டு வருகிறபோதுதான் இந்தச் சாலை. டாக்டர் வீட்டில் பலபேர் முன்னால் அவளைப் பார்க்க சகலைக்கு மனம் வரவில்லை. வீடு போய்ச் சேரும்வரை பொறுக்கவும் முடியவில்லை. ஸ்கூட்டரை ஓரம் கட்டினார். எஞ்சினை ஓட விட்டு, முன்விளக்கைச் சாலையில் அடிக்க விட்டு, இறங்கினார். புது ஃபிலிம் கையோடு கொண்டுவந்திருந்தார், போட்டார். லென்ஸ் மூடியைக் கழற்றிப் பையில் போட்டுப் பையைத் தட்டிப் பார்த்துக்கொண்டார். விரலால் லென்ஸ் கண்ணாடியைத் தொட்டே பார்த்தார். கறை படிந்தால் படியட்டும்.

கண்ணை ஜன்னலில் வைத்தார்.

சாலை. விளக்கு வெளிச்சத்தில் பறக்கிற பூச்சிகள். நடுவில் மஞ்சள் சதுரம்… சதுரத்துக்குள், வெகு தூரத்தில், சாலை நடுவே ஒரு நாற்காலி. நாற்காலியில் ஆள். இரண்டிரண்டாக.

கேமராவை இறக்கிப் பார்த்தார். வெறும் சாலை.

மறுபடி கண்ணை வைத்தார். நாற்காலி முன்னைவிடக் கிட்டே இருந்தது. வளையத்தைத் திருப்பினார். ஒட்டிற்று. பத்து மீட்டர் என்றது வளையம்.

கண்ணை எடுத்து எடுத்து வைக்க, அவள் கிட்டே கிட்டே வந்தாள். நடந்து வரவில்லை. உட்கார்ந்தது உட்கார்ந்தபடி, ஒவ்வொரு தடவையும் சற்று முன்னால் இருந்தாள். சொன்ன சொல் மாறாமல், அசையாமல். ஐந்து மீட்டர். சதுரம் சின்னது, கிட்டே வர வர நாற்காலி அதற்கு வெளியே போயிற்று, மடி போயிற்று, முகம் மட்டும் தங்கிற்று. மூன்று மீட்டர். முகம் அத்தனை தெளிவு. அப்போதே அழுத்தியிருக்கலாம்.

சகலைக்கு வாய்தான் பழகிப்போயிருந்ததே. “இன்னும் கொஞ்சம்” என்றார்.

வந்தாள். இரண்டு. ஒன்று. வளையம் டக்கென்று நின்றது. அந்தக் கேமராக்கள் அப்படித்தான், ஒரு மீட்டருக்குக் கிட்டே வந்துவிட்டால் வளையத்துக்கு மேற்கொண்டு வழியில்லை. அவள் வந்துவிட்டாள்… ஒரு மீட்டருக்கும் உள்ளே. கண்ணெதிரே இரண்டு முகம், ஒன்றன்மேல் ஒன்று கலங்கிப்போய், எப்படித் திருகினாலும் ஒட்டவில்லை. தைல வாசனை வந்தது. சகலை ஒரு அடி பின்னால் வைத்தார். அவளும் கூடவே இருந்தாள். இன்னும் இரண்டு அடி வைத்தார். முதுகில் ஸ்கூட்டர் இடித்தது. வாசனை அதே கிட்டத்தில்.

முகம் வேண்டும் அவருக்கு. அந்த ஒரு முகத்துக்காகத்தான் எல்லாவற்றையும் விற்றுவிட்டு வந்திருந்தார்.

“இந்தா…” என்றார், கேமராவைக் கண்ணிலிருந்து எடுக்காமலே. “கொஞ்சம் பின்னால போ.”

போனாள்.

இந்த முறை அவர் கண்ணை எடுத்து வைக்க வேண்டியிருக்கவில்லை. தானாக, ஒரே சீராக, பார்த்துக்கொண்டிருக்கும்போதே நகர்ந்தாள். இரண்டு முகமும் ஒட்டின. சகலை அழுத்தினார். நெம்புகோலைத் தள்ளி ஃபிலிமை நகர்த்தி மறுபடி அழுத்தினார். அவள் நகர நகர வளையத்தைத் திருப்பினார், ஒட்ட வைத்தார், அழுத்தினார். இரண்டு, மூன்று, ஐந்து. எடுத்துக்கொண்டே இருந்தார். மடி தெரிந்தது. நாற்காலி தெரிந்தது. பத்து. அவள் கண் இவர்மேலேயே இருந்தது. போதும் என்று சொல்வார், சொல்வார் என்று அவள் காத்திருந்த மாதிரி இருந்ததாம். இவருக்குக் கையில் வேலை இருந்தது. வளையம் கடைசிக்கு வந்து, கணக்கில்லாத தூரம் என்பதற்குப் படுத்திருக்கிற எட்டு மாதிரி ஒரு குறி போட்டிருக்குமே, அதில் இடித்து நின்றபோதுதான் உறைத்தது.

“போதும்” என்றார்.

சதுரத்தில் சாலை மட்டும் இருந்தது. கேமராவை இறக்கிவிட்டு, இருட்டைப் பார்த்து இன்னொரு தடவை, “போதும்மா. வந்துடு” என்றார். எஞ்சின் இருமி நின்றது. விளக்கும் அணைந்தது. விடியும்வரை அங்கேயே நின்றுகொண்டிருந்தார். அதற்கப்புறம் அந்தக் கேமராவில் எதைப் பார்த்தாலும் எதிரே என்ன இருக்கிறதோ அதுதான் தெரிந்தது.

ரோலைக் கழுவினார்கள். இந்த முறை வெறுமையில்லை. எல்லாப் படமும் விழுந்திருந்தது. லேப்காரர் பிரிண்ட்டுகளை வரிசையாக மேஜைமேல் பரப்பினார்.

“சார், இதுல நீங்கதான் இருக்கீங்க. யாரு எடுத்தாங்க உங்களை?”

எல்லாம் சகலையின் படங்கள். ஸ்கூட்டரின் முன்விளக்கு, அதன் முன்னால் அவர், முகத்தை மறைத்துக்கொண்டு கேமரா. நாற்காலியில் உட்கார்ந்த உயரத்திலிருந்து எடுத்தது. ஒவ்வொரு படத்திலும் கீழ் ஓரத்தில், மடியில் கோத்த இரண்டு கைகளின் விரல்கள், நம் கையை நாமே குனிந்து பார்த்தால் தெரிவது மாதிரி. முதல் படத்தில் அவர் எட்டித் தொடுகிற தூரத்தில். அடுத்ததில் சற்றுத் தள்ளி. அதற்கடுத்ததில் இன்னும் தள்ளி… அந்த நாற்காலியிலிருந்து பார்க்கிறபோது, விட்டுவிட்டுப் போய்க்கொண்டிருந்தவர் அவர்தான். ஒரு படத்திலாவது கேமராவை இறக்கி முகத்தைக் காட்டவில்லை.

கடைசிப் படத்தில் விளக்கு ஒரு பொட்டாகத்தான் தெரிந்தது. அதுவும் சரியாக விழவில்லை, தண்ணீருக்குள்ளிருந்து பார்த்த மாதிரி நெளிந்து, கலங்கி, வழிந்திருந்தது. விரல்கள் அப்படியே இருந்தன, கொஞ்சம் இறுக்கமாக.

லேப்காரர் அந்த ஒன்றை மட்டும் கையில் எடுத்துச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார்.

“கடைசி மட்டும் ஈரமா விழுந்திருக்கே சார். அங்க மழையா?”

அன்றைக்கு மழையில்லை. அந்த மாசமே மழையில்லை.