மாடு இல்லாத ரன்வே

— தலைகீழா எண்டா? ரிஸ்கான் நானா, விளங்கக் கதையுங்கோ. ப்ளேனோ தலைகீழா, நீங்களோ?

— ப்ளேன் தங்கச்சி, ப்ளேன். நான் பெல்ட்டக் கழட்டி, தலையால உழுந்து, ஊந்து வெளிய வந்துட்டன். இப்ப முழங்கால் மட்டும் சேத்துல நிக்கிறன்.

— ஐயோ முருகா! காயமோ?

— நெத்தியில ஒரு புடைப்பு. வேற ஒண்டுமில்ல, அல்ஹம்துலில்லாஹ். ஏத்த வந்த வெள்ளக்காரங்க இன்னும் ஏறல்ல, நல்ல காலம். மரத்தடியில நிண்டு போட்டோ புடிக்கிறாங்க.

— கண்ணை மூடிக்கொண்டு இறக்கிற ஆள் நீங்கள். எப்பிடி நானா?

— நீங்கதானே காலையில செல்லின, ரன்வேயில மாடு ஈக்கிதாம் எண்டு?

— ஓம். காவல்காரன் பியசேன போனில சொன்னதை அப்பிடியே உங்களுக்குச் சொன்னனான்.

— மாடு எண்டா நாங்க என்ன செய்ற? பதிஞ்சு ஒரு ரவுண்ட் போற. சத்தத்துக்கு அதுகள் ஓடும், பொறகு வந்து எறக்குற. அத்தத்தான் செஞ்ச. பாத்தா ஒரு மாட்டையும் காணல்ல. புல்லுக்குள்ள படுத்தீக்கும் எண்டு இன்னும் பதிச்ச. கொம்பு தெரியிதா, வால் தெரியிதா எண்டு எட்டிப் பாக்கக்குள்ள சில்லு சேத்துல பட்டிச்சி. பொறகு வானம் கீழ, பூமி மேல.

— அப்ப மாடுகள் எங்க?

— அதக் கேட்டா பியசேன தலையில கை வக்கிறாரு. கொஞ்சம் ஈங்க, அவருக்கிட்டயே கேக்கிறன்... மொகத பியசேன அய்யே?... ஆ?... யா அல்லா!

— என்னவாம்?

— இந்த மனிசன் மாடு எண்டு வாயே தொறக்கல்லயாம். 'மட' எண்டுதான் செல்லியீக்காரு. மட, மட! ராவெல்லாம் மழ, ரன்வே பூரா சேறு, எறக்க வேணாம் எண்டு.

— மட எண்டா சேறோ?

— சிங்களத்துல வேற என்ன? சிங்களம் தண்ணி மாதிரி வரும் எண்டுதானே உங்கள வேலைக்கி எடுத்த?

— தண்ணி மாதிரித்தான் நானா. கையில நிக்காது.

— இன்டர்வியூல கேக்கல்லயா?

— முதலாளி ஜொனாதன் சேர் 'கொஹொமத' எண்டு சுகம் கேட்டார். 'ஹொந்தாய்', நல்ல சுகம் எண்டன். 'வெரி குட் சுபோதினி' எண்டு உடன தமிழுக்கு மாறிட்டார். கனடாவில இருந்து வந்த மனுசன்தானே. எனக்கு யாழ்ப்பாணத்தில ஆரோட சிங்களம் கதைக்கிறது? இங்க கொழும்பில, ஒஃபிஸ் இருக்கிற வெள்ளவத்தையில மீன்காரனும் தமிழ்தான். போதாக்குறைக்கு ஜன்னலுக்குக் கீழ காலி ரோட் பஸ்ஸுகளின்ர ஹோர்ன்.

— சரி, சரி. அழ வேணாம்.

— அழேல்ல. மூக்கடைப்பு.

— பியசேன இன்னொண்டுக்கும் ஏசுறாரு. கொழும்புல ஈந்து ஆரோ கம்பெடுத்து வெரட்டச் செல்லினாங்களாம். சேத்த எப்பிடிக் கம்பால வெரட்டுற எண்டு கேக்காரு. நீங்களா செல்லின?

— இல்லவே இல்லை! நான் 'ஹரி ஹரி', சரி சரி எண்டுபோட்டு போனை வச்சனான்.

— அப்ப ஆரு?

— தெரியேல்ல. நானா, சேர் படியேறி வாறார். சேத்தில பிரண்டுட்டுது எண்டு நீங்கள் அனுப்பின மெசேஜைப் பாத்திட்டார் போல. பியசேனவை இண்டைக்கே வேலையால நிப்பாட்டுறன் எண்டு கத்திக்கொண்டு வாறார்.

— பியசேனவயா? அநியாயம்! தங்கச்சி, கேளுங்க. எறக்கக்குள்ள மாடு குறுக்க வந்திச்சி எண்டு நான் செல்றன். மாடு வந்து சாட்சி செல்லப் போறல்ல. உங்கட வேலயும் தப்பும், அவருட வேலயும் தப்பும்.

— உங்கட லைசென்ஸ்? மாட்டைக் கண்டும் இறக்கினனீங்கள் எண்டு உங்களை எல்லோ பிடிப்பினம்?

— அத பொறகு பாப்பம்.

— வேண்டாம் நானா. எனக்கு இந்த வேலை வேணும்தான். ஆனா நான்தான் சொல்லுவன். போனை வைக்காதேங்கோ.

— தங்கச்சி, அவசரப்பட...

— வாங்கோ சேர், இருங்கோ.

— என்னத்தை இருக்கிறது! ப்ளேன் மல்லாந்து கிடக்குது பிள்ளை! சேறு எண்டு ஒரு சொல்லுச் சொல்ல அந்தக் காவல்காரனுக்கு வாயில்லையோ?

— சொன்னவர் சேர். 'மட' எண்டு சொன்னவர். எனக்குத்தான் மாடு எண்டு கேட்டது. எனக்குச் சிங்களம் தெரியாது. ரிஸ்கான் நானாவிலயும் பிழையில்லை. பியசேனவை விடுங்கோ, என்னை நிப்பாட்டுங்கோ.

— 'மட' எண்டா... சேறோ?

— ஓம் சேர்.

— மாடில்லையோ?

— இல்லை சேர். ஏன் சேர் இருந்திட்டியள்? தண்ணி தரட்டோ?

— கதவைச் சாத்து பிள்ளை. விடிய பியசேன எனக்கும் போன் எடுத்தவன். கம்பெடுத்து மாடுகளைக் கலை எண்டு சொன்னது நான்தான்.